பெரிய வெள்ளியின் கட்டைத் தாளம்

எனக்குத் தாளம் போடத் தெரியும், பாடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஜனையில் உட்கார்ந்தவன் என்று கேள்விப்பட்டு இன்றைக்கும் சிலர் ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். எண்ணுவது மட்டும்தான் எனக்குக் கைவந்தது. வகுப்பில் பிள்ளைகளை எண்ணுவேன், பேருந்தில் ஆட்களை எண்ணுவேன், மழைக்காலத்தில் கூரைத் தகரம் ஒழுகும் இடங்களை எண்ணுவேன். எண்ணி முடித்தால்தான் மனம் கொஞ்சம் அடங்கும். அதனால் பஜனை மடத்தில் என் கையில் ஜால்ராவைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள்.

எமரால்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். சொந்த ஊர் கோபிப் பக்கம். தோட்டத்து ஜனங்கள் பெரும்பாலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை அவர்கள் லயம் என்பார்கள். நானும் நாளடைவில் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். கீழ் லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயிலும் அதையொட்டி ராமர் படம் வைத்த பஜனை மடமும் இருந்தன. மேல் லயத்துக்குப் போகும் வழியில் தகரக் கூரை போட்ட மாதா கோயில். குன்னூரிலிருந்து பங்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் நடத்துவார். அவர் ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். விரல் நுனிகள் எப்போதும் தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்திருக்கும். அந்த விரல்களால் ஆர்மோனியம் வாசிப்பார்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. முதலில் எல்லாரும் ஒரு பருவத்துக் கஷ்டம் என்றுதான் நினைத்தார்கள். அடுத்த வருடமும் விலை எழவில்லை. கூலி பாதியானது. பிறகு அதுவும் தவணை தப்பியது. ஒருநாள் ஃபேக்டரியின் புகைக்குழாய் புகையவில்லை. அதற்கப்புறம் புகையவே இல்லை. கிள்ள ஆளில்லாத தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வெள்ளைப் பூப்பூத்து மரமாகத் தொடங்கின. காலைப் பேருந்தில் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்துச் சன்னலிலிருந்து பேருந்தில் ஏறுகிறவர்களை எண்ணுவேன். அவர்களோடு போகும் பிள்ளைகளை என் வருகைப் பதிவில் கழித்துக்கொள்வேன். அந்த வருடம் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள் மிஞ்சினார்கள்.

சனிக்கிழமை பஜனையில் பதினேழு பேர் இருந்த இடத்தில் ஆறு பேரானோம். மாதா கோயிலில் பாட்டுக் குழுவென்று தனியாக எதுவும் இல்லாமல் போயிற்று. முப்பது குடும்பத்தில் நான்குதான் மிச்சம்.

எங்கள் மடத்து ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டது. பழுது பார்க்கக் கோயம்புத்தூர் கொண்டுபோக வேண்டும். அதைப் பற்றிப் பேசவே யாருக்கும் வாயில்லாத காலம். ஒரு சனிக்கிழமை மாலை உபதேசியார் தம்முடைய ஆர்மோனியத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மடத்து வாசலில் வந்து நின்றார். நானாக இருந்தால் யார் என்ன சொல்வார்களோ என்று ஒரு வாரம் யோசித்திருப்பேன். டோலக் வாசிக்கிறவருக்கு யோசனையெல்லாம் கிடையாது. மாரியம்மன் கோயிலுக்குப் பூசாரியும் அவரேதான்.

"ஏன் உபதேசியாரே, இன்னிக்கு எங்க சாமிக்கு வாசிச்சிட்டு நாளைக்கு உங்க சாமிக்கு வாசிக்கச் சொன்னா பொட்டி கோவிச்சுக்காதா?" என்றார்.

"உள்ள இருக்கது காத்துதானே. அதுக்கு என்னா தெரியும்," என்று சொல்லிவிட்டு உபதேசியார் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் ஞாயிறு ஜெபத்துக்கு டோலக்கும் என் ஜால்ராவும் போயின. அப்படித்தான் ஆரம்பித்தது. பெரிய கொள்கை எதுவும் இல்லை. ஒரு பக்கம் பெட்டி இருந்தது, மறுபக்கம் தோல் இருந்தது, இரண்டு பக்கமும் ஆள் இல்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு தானாகவே வந்து சேர்ந்தது. அவரவர் பாட்டின் சொல்லை மற்றவர் தொடுவதில்லை. மெட்டு மட்டும் போய் வரலாம். ராமர் பாட்டு ஒன்றின் மெட்டில் உபதேசியார் மாதாவைப் பாடினார். அவருடைய திருப்பலிப் பாட்டு ஒன்றின் மெட்டில் டோலக்காரர் மாரியம்மனைத் தாலாட்டினார். மாதா பிரார்த்தனையில் உபதேசியார் மாதாவின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பார்கள். எங்கள் அர்ச்சனையில் நாமம் சொல்லச் சொல்ல 'போற்றி' என்போம். இரண்டுக்கும் மூச்சு ஒரே இடத்தில் விழுவதை எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மார்கழியில் விடிகாலை வீதி பஜனைக்குப் போன அதே ஐந்தாறு பேர் கிறிஸ்துமஸ் வாரத்தில் மாலையில் லயம் லயமாகப் பிறப்புப் பாட்டும் பாடிப் போனோம். குன்னூர் சாமியார் கேட்டால் என்ன சொல்வது, கோயில் கமிட்டி கேட்டால் என்ன சொல்வது என்று பனியில் தொண்டையைத் தடவிக்கொண்டே நடந்தேன். கேட்க யாரும் இல்லை. கமிட்டியே திருப்பூரில்தான் இருந்தது.

தவக்காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை பஜனை முடிந்தும் உபதேசியார் எழுந்திருக்கவில்லை. ஆர்மோனியத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பெரிய வெள்ளிக்கு ஒப்பாரி எடுக்க ஆள் இல்லை என்றார்.

பெரிய வெள்ளி மதியம் பாடுபட்ட ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி வெள்ளைத் துணி விரித்த பெஞ்சில் கிடத்துவார்கள். மாதா தன் மகனைப் பார்த்து அழுவதாக ஒரு புலம்பல் உண்டு. அதை ஒரு பெண் தலைமாட்டில் உட்கார்ந்து எடுக்க வேண்டும். இலங்கையில் இருந்தபோதே இந்த ஜனங்களின் வழக்கம் அது. அந்தப் புலம்பலை எடுத்து வந்த மூன்று பெண்களும் பிள்ளைகளோடு பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய நான்கு குடும்பங்களில் இருந்த ஒரே வயதான அம்மாளுக்கு ஆஸ்துமா. இரண்டு வரிக்கு மேல் மூச்சு நிற்காது.

தோட்டத்தில் ஒப்பாரிக்கென்று பெயர்பெற்ற ஒரு பெண் இருந்தார். மூன்று டிவிஷன்களிலும் எந்த வீட்டில் சாவு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் டோலக்காரரின் அக்கா. கொழுந்து பறித்தவர், விதவை. ஒரே மகன். அந்தப் பையன் என்னிடம் ஐந்து வகுப்பும் படித்தவன். பெருக்கலில் பதின்மூன்றாம் வாய்பாடு வரை தட்டாமல் சொல்வான். ஃபேக்டரி நின்ற மறுமாதம் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனான். தீபாவளிக்கு வந்தான். பொங்கலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, ஆள்வழிச் செய்தியும் இல்லை.

உபதேசியாரும் டோலக்காரரும் நானுமாக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். வாசலில் முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். உபதேசியார் விஷயத்தைச் சொன்னார். மாதாவின் புலம்பல் அந்த அம்மாவுக்குப் புதிதல்ல. பல வருடம் பக்கத்து வீட்டு வாசலில் அதைப் பழகிப் பார்ப்பதைக் கேட்டவர்.

அவர் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, என்னையக் கேக்காதீங்க. புருசனுக்கு அழுவச் சொல்லுங்க, அப்பனுக்கு, ஆத்தாளுக்கு அழுவச் சொல்லுங்க, வாறேன். மகனுக்கு அழுவுறத மட்டும் எடுக்க மாட்டேன். ஒத்தப் புள்ள எங்கயோ கெடக்கான். என்னா ஏதுன்னு தெரியல."

"ஒன் மகனுக்கு இல்ல தங்கச்சி. ஆண்டவருக்குத்தான."

"யாருக்குன்னு வாய்க்குத் தெரியுமா? மகனேன்னு தானே சொல்லணும்."

சாவில்லாத இடத்தில் ஒப்பாரி எடுத்தால் சாவைக் கூப்பிட்டது போல ஆகும் என்பது அந்த லயத்தில் எல்லாரும் நம்புவது. கிறிஸ்தவர்களும் வீட்டுக்குள் வைத்துப் புலம்பலைப் பழகமாட்டார்கள், வாசலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் பழகுவார்கள். நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. ஆனாலும் அன்று அவரை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பையனின் முகம் நினைவில் நின்றது.

திரும்பும்போது உபதேசியார் வாசல்படியில் நின்று மெதுவாகச் சொன்னார். "நாலு குடும்பம் இருந்தும் அழுவ ஆளில்லாத பொணமா அவரு கெடப்பாரே தங்கச்சி. அதுக்குத்தான் கேட்டேன்."

அந்த அம்மா கல் பொறுக்குவதை நிறுத்தினார். பிறகு மறுபடியும் பொறுக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் டோலக்காரர் ஒரு யோசனையோடு வந்தார். அது வேடிக்கையாகத் தொடங்கிய யோசனை. அக்காவின் வீட்டு வாசலிலேயே, என்னையும் உபதேசியாரையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இந்தா அக்கா, ஒப்பாரிக்குத் தாளம் இருக்கா? இல்ல. பாட்டுக்கு இருக்கு. அப்ப தாளத்தப் போட்டுட்டா அது ஒப்பாரியே இல்ல, பாட்டு. தாளத்துல அழுத பொணத்த நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"பொணம் எங்கடா அழுவும், கூறுகெட்டவனே," என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டார். பொங்கலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆனால் அந்தப் பேச்சு அவர் மனசில் இறங்கிவிட்டது. சற்று நேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

"சார், தாளம் தப்பாமப் போடுவீங்களா?"

"போடுவேனுங்க."

"நடுவுல எங்கயும் விட்றக்கூடாது. விட்டீங்கன்னா அது ஒப்பாரி ஆயிரும்."

விடமாட்டேன் என்று சொன்னேன். அப்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

உபதேசியார் ஒரு சிக்கலைச் சொன்னார். பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து நிறுத்தினால், சனிக்கிழமை ராத்திரி உயிர்ப்புத் திருவிழிப்புப் பூசை வரைக்கும் கோயிலில் உலோகத்தின் ஓசையே கூடாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். ஆகவே ஜால்ரா ஆகாது, டோலக்கும் வேண்டாம். குன்னூருக்குப் போனபோது சாமியாரிடமும் கேட்டுவிட்டு வந்திருந்தார். உங்கள் வழக்கப்படி செய்யுங்கள், வாத்தியம் மட்டும் கூடாது என்று அவர் சொல்லியிருந்தாராம்.

பஜனை மடத்துப் பெட்டியில் ஒரு ஜோடி சப்ளாக்கட்டை இருந்தது. விரலில் மாட்டிக்கொண்டு தட்டுகிற மரக்கட்டை. மரம் நல்ல மரம், ஆனால் ஒவ்வொரு கட்டையிலும் பித்தளைச் சில்லுகள் கோத்திருந்தன, தட்டும்போது அவை கிலுங்கும். டோலக்காரர் கட்டிங் பிளேயரை வைத்து ஆணிகளைப் பிடுங்கிச் சில்லுகளைக் கழற்றினார். மொத்தம் எட்டு. ராமர் காரியத்துக்கு வாங்கிய கட்டையை இப்படி உரிக்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தல். எட்டையும் ஒரு துணியில் முடிந்து ராமர் படத்துக்குப் பின்னால் வைத்தேன். டோலக்காரர் கும்பிட்டுவிட்டு, "ரெண்டு நாளைக்கு அங்கிட்டுப் போயிட்டு வரட்டும் சாமி," என்றார்.

பழகிப் பார்க்க இடம் வேண்டும். வீட்டில் கூடாது, கோயில் இரண்டிலும் கூடாது. கொழுந்து நிறுக்கும் கொட்டகை சும்மாதான் கிடந்தது. தராசைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கொக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மாலையில் அங்கே போய் உட்காருவோம். அந்த அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். பழகும்போது சொல்லை எடுக்கமாட்டார். சொல் அன்றைக்கு மட்டும்தான். அதுவரை 'தன்னன்னா' என்று மெட்டை மட்டும் பாடுவார்.

அந்த மெட்டை அளக்க எனக்கு இரண்டு மாலை ஆயிற்று. ஒப்பாரி இஷ்டத்துக்கு நீளும். ஒரு வரி இழுபடும், அடுத்தது சட்டென்று விழும். நான் நான்கில் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆறில் பார்த்தேன், ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் மிஞ்சியது. கடைசியில் ஏழில் வந்து உட்கார்ந்தது. மூன்றும் நான்கும். மூன்றில் அந்த அம்மா மூச்சை ஏற்றினார், நான்கில் இறக்கினார். இதைச் சொன்னபோது அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். தாம் இத்தனை வருடம் எதையும் எண்ணிப் பாடியதில்லை என்றார். உபதேசியாருக்கு ஏழு மிகவும் பிடித்துப் போயிற்று. மாதாவுக்கு வியாகுலம், அதாவது துயரம், ஏழு என்றார். டோலக்காரர் மாரியம்மனோடு பிறந்தவர்களும் ஏழு பேர் என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்தியாக இருந்தார்கள்.

அவர் பாடும்போது கண்ணைக் கட்டையின் மேலேயே வைத்திருப்பார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறவர் போல இருக்கும். இதனாலேயே எனக்குத் தூக்கம் கெட்டது. மூட்டுவலி வேறு. ஈரக்காற்றில் விரல் மரத்துவிட்டால் என்ன செய்வது, நடுவில் இருமல் வந்தால் என்ன செய்வது என்று கவலை. பெரிய வெள்ளியன்று காலையிலிருந்து சுக்குக் கஷாயம் குடித்தேன். விரல்களை வெந்நீரில் வைத்தேன்.

மதியம் மூடுபனியும் தூறலுமாக இருந்தது. மாதா கோயிலில் எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். பெஞ்சில் வெள்ளைத் துணியின் மேல் பாடுபட்ட சுரூபம். வந்திருந்தவர்களை எண்ணினேன். கிறிஸ்தவர்கள் பதினொன்று. கீழ் லயத்திலிருந்து எங்கள் ஆட்கள் பத்தொன்பது. அத்தனை பேர் வருவார்கள் என்று உபதேசியார் எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மா பாடப் போகிறார் என்பது தெரிந்து வந்தவர்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பெண்கள் இடப்பக்கச் சுவரோரம் ஈரச் சால்வைகளோடு உட்கார்ந்தார்கள்.

உபதேசியார் பாடுகளின் வரலாற்றை வாசித்து முடித்தார். கட்டையால் மூன்று தட்டு. எல்லாரும் முழந்தாளிட்டு எழுந்தார்கள். அந்த அம்மா முன்னால் போய்ச் சுரூபத்தின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து கட்டையை விரலில் மாட்டினேன். வெறும் மரத்தின் ஓசை. ஒரு சுற்று தட்டிக் காட்டினேன். இரண்டாவது சுற்றில் அவர் எடுத்தார். மகனே என்ற சொல் முதல் முறையாக அவர் வாயிலிருந்து வந்தது. கண் என் கையில்தான் இருந்தது.

முதல் கண்ணி முடிந்ததும் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. எங்கள் ஆட்கள் பத்தொன்பது பேரும் கடைசி வரியைத் திரும்பப் பாடினார்கள். வேறொன்றுமில்லை, பஜனைப் பழக்கம். முன்னால் ஒருவர் பாடினால் பின்னால் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். புலம்பலை யாரும் திருப்பிப் பாடுவதில்லை. அது ஒரு பெண்ணின் அழுகை, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். கிறிஸ்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவறாகப் போயிற்றோ என்று நான் உபதேசியாரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். இரண்டாம் கண்ணியில் அவரும் சேர்ந்து திருப்பிப் பாடினார். மூன்றாவதில் முப்பது பேரும் பாடினார்கள். ஆஸ்துமா அம்மாளின் விசில் மூச்சும் அதில் கேட்டது. தகரக் கூரையில் தூறல், கீழே ஏழு ஏழாக என் கட்டை. தாளம் நன்றாக நின்றது. நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஐந்தாம் கண்ணியில், சிலுவையில் மகன் தாகம் என்று சொல்கிற இடம்.

தாகமுன்னு சொன்னப்போ தண்ணி தர முடியலையே
தாயிருந்தும் ஒன் நாக்கு நனையலையே

முதல் வரியைப் பாடினார். இரண்டாம் வரி வரவில்லை. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே. ஒரு சுற்று போயிற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றும் காலியாகப் போயிற்று. சபை முழுக்கக் காத்திருந்தது. அந்த வெற்றுத் தாளத்தைத் தாங்க முடியாமல் டோலக்காரர் பின்னாலிருந்து, "அக்கா, எடு, எடு," என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த அம்மா சுரூபத்தைப் பார்த்தார். அதுவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெலிந்த உடம்பு, ஒட்டிய வயிறு, திறந்த வாய். ஆள் பார்க்காத கோயிலில் சாயம் உதிர்ந்து உதட்டில் சுண்ணாம்பு தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, என் விரல்களைக் கட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வைங்க சார். இந்தப் புள்ளைக்கு எண்ணி எண்ணி அழுவ முடியல."

"அம்மா, வேண்டாமுங்க," என்றேன். என்னை அறியாமல் வந்த சொல்.

"இருக்கட்டும் சார். பெத்தவ அழுவாம யாரு அழுவுவா."

கட்டையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு எடுத்தார். அது ஒப்பாரிதான். மூன்றும் இல்லை, நான்கும் இல்லை. வரி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் வரி முடிவதற்குள் இடப்பக்கச் சுவரோரம் இருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். சாவு வீட்டில் உட்காருகிற மாதிரியே அவரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுத் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆஸ்துமா அம்மாளையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். இப்போது யாரும் பஜனை போலத் திருப்பிப் பாடவில்லை. ஒருவர் மூச்சு முடிகிற இடத்தில் இன்னொருவர் எடுத்தார். சொற்கள் எங்கோ மாறின. மாதாவின் சொல்லோடு அவரவர் வீட்டுச் சொல்லும் கலந்தது. பேருந்து ஏறிப்போன பிள்ளைகள் வந்தார்கள். கடல் தாண்டி வந்தபோது பின்னால் விட்டுவந்த குழிமேடுகள் வந்தன. சொல்லைத் தொடுவதில்லை என்று நாங்கள் வைத்திருந்த கட்டுப்பாடு அங்கே இல்லை. உபதேசியார் தடுக்கவில்லை. ஆண்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

முடிந்ததும் எல்லாரும் வரிசையாகப் போய்ச் சுரூபத்தின் பாதத்தை முத்தமிட்டார்கள். எங்கள் பெண்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உபதேசியார் வீட்டில் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். பெண்கள் கஞ்சிக்கு நிற்காமல் கீழே இறங்கிப் போனார்கள். ஏதாவது மனக்கசப்போ என்று பதறி, அவரும் நானும் பின்னாலேயே போனோம். கீழ் லயத்துக் குழாயடியில் அந்த அம்மாவும் மற்றவர்களும் சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிரில், தூறலில். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் எதையும் தொடுவார்கள்.

உபதேசியார் பாதையிலேயே நின்றுவிட்டார்.

"தீட்டுக் குளிக்கிறாங்க சார்," என்றார். "ஆண்டவருக்கு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குளித்துவிட்டு அவர்கள் மேலே வந்து கஞ்சி குடித்தார்கள். உபதேசியார்தான் எல்லாருக்கும் ஊற்றினார்.

எனக்குத் தாளம் நின்ற இடமே நினைவில் வந்தது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் சனிக்கிழமை முழுக்கக் காலைப் பேருந்திலும் மாலைப் பேருந்திலும் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது இறங்கி நேரே கீழ் லயத்துப் பக்கம் வேகமாக நடந்தால் சாவுச் செய்திதானோ என்று எழுந்து நின்றேன். டோலக்காரரும் அன்று மாரியம்மனுக்கு இரண்டு தடவை விளக்குப் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து மறுநாள் காலை அந்த அம்மா என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். கையில் நாள்காட்டித் தாள் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். சாயப்பட்டறைக்கு எதிரே உள்ள டீக்கடையின் போன் நம்பர் அதில் இருந்தது. மகன் தீபாவளிக்கு வந்தபோது எழுதிக் கொடுத்தானாம். இத்தனை நாள் ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"கேக்க பயமா இருந்துச்சு சார். இப்ப கேட்டுத்தான் ஆவணும். போட்டுத் தாறீங்களா?"

எமரால்டு கடைவீதி வரைக்கும் நடந்தே போனோம். எஸ்.டி.டி. பூத்தில் நான்தான் எண்களைச் சுழற்றினேன். ஒரு தடவை தப்பாகப் போயிற்று. இரண்டாவது தடவை டீக்கடைக்காரர் எடுத்தார். பெயரைச் சொன்னதும் அப்படி யாரும் இப்போது அந்தப் பட்டறையில் இல்லையே என்றார். நான் அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, மலையிலிருந்து வந்த பையனுங்க, ஒல்லியாக இருப்பானுங்க, கொஞ்சம் யாரையாவது கேட்டுப் பாருங்க என்றேன். அவர் யாரையோ கூப்பிட்டு விசாரித்தார். பட்டறையை மூடிவிட்டார்களாம், பையன் பக்கத்துத் தெருவில் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டானாம், ஆள் அனுப்புகிறேன், கொஞ்சம் கழித்துப் போடுங்கள் என்றார்.

பூத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வேறு கம்பெனிக்குப் போயிருக்கிறான் என்பதை மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

மறுபடி போட்டபோது மூச்சிரைக்க ஓடிவந்த குரல் கேட்டது. நான் ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன்.

"நான்தான்டா," என்றார். அந்தப் பக்கத்துக் குரல் மட்டும் படபடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. "ம்" என்றார். "ம். ம்." சாப்பிட்டாயா என்று கேட்டார். எங்கே படுக்கிறாய் என்று கேட்டார். காலில் சாயத்தண்ணி பட்டுப் புண்ணானது ஆறிவிட்டதா என்று கேட்டார். எதற்குப் போன் பண்ணினாய் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல. சும்மாத்தான்," என்றார்.

பெரிய வெள்ளியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து அதன் இடத்தில் வைத்தார்.

கடைவீதியைத் தாண்டும் வரை நான் காத்திருந்தேன். பிறகு பொறுக்க முடியாமல், நல்லா இருக்கிறானுங்களா என்று கேட்டேன்.

"இருக்கான் சார். அங்க வெயிலு மண்டையப் பொளக்குதாம். ராத்திரியும் புழுங்குதாம்." பனி இறங்கிக்கொண்டிருந்த பாதையைப் பார்த்துச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "தண்ணி நெறைய குடிடான்னு சொன்னேன்."